விமானம் எப்படி மேலே நிற்கிறது? நான் திருத்திக்கொண்ட ஒரு பாடம்



மூவாரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் படிவம் 4 மாணவர்களுக்காக ‘விமானம் பறப்பது எப்படி?’ என்ற தலைப்பில் ஒரு கருத்துணர்தல் பகுதியை நானே எழுதினேன். அறிவியல் செய்தியைத் தமிழில் வாசிக்கட்டுமே என்ற ஆசைதான். அதில் ஒரு பத்தியின் சாரம் இது. இறக்கையின் மேற்பக்கம் வளைந்தது, கீழ்ப்பக்கம் தட்டையானது. காற்று இறக்கையின் முன்விளிம்பில் இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பில் போய்ச் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது.

பகுதி நன்றாக இருந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளும் முழுப் புள்ளி எடுத்தார்கள். வேறு பள்ளி ஆசிரியர்கள்கூட வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வகுப்பில் இருந்த ஒரு மாணவி இப்போது விமானி ஆவதற்குப் பயிற்சி எடுக்கிறாள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் என்னைப் பார்க்கவும் வந்தாள். முறுக்குத் தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிவம் நாலுல குடுத்த விமானப் பகுதி இருக்குல்ல, அதுல ஒண்ணு தப்பு. நான் அதை நம்பித்தான் கிளாஸ்ல கை தூக்கிப் பதில் சொன்னேன். சார் சிரிச்சிட்டாரு” என்றாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவள் விளக்க விளக்க, அது வெறும் அறிவியல் பிழை மட்டுமல்ல, மொழிப் பாடத்துக்கும் அதில் வேலை இருக்கிறது என்று புரிந்தது. அன்று அவள் சொன்னதையும், பிறகு நான் வாசித்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் வகுப்புகளில் இதே விளக்கம் இன்னும் பல தாள்களில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

எது தப்பு?

பிரிந்த காற்று இரண்டும் ‘ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும்’ என்பதுதான் தப்பு. அப்படி ஒரு விதியே கிடையாது. பிரிந்துபோன இரண்டு காற்றுத் துணுக்குகளுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி 2012இல் வெளியிட்ட ஒரு காணொலியில், இறக்கையைச் சுற்றிப் புகையை விட்டுவிட்டுச் செலுத்திக் காட்டுகிறார். மேலே போன புகை, கீழே போன புகைக்குக் காத்திருப்பதில்லை. அதற்கு முன்னாலேயே பின்விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது.

யோசித்துப் பார்த்தால் நமக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் மடித்து விடும் காகித விமானத்தின் இறக்கை இரண்டு பக்கமும் தட்டைதான். அது பறக்கவில்லையா? சாகச விமானங்கள் தலைகீழாகப் பறக்கின்றன. வளைந்த பக்கம்தான் தூக்குகிறது என்றால் தலைகீழாகத் திரும்பியதும் அது தரையை நோக்கி அல்லவா இழுக்க வேண்டும்?

மேலே காற்று வேகமாகப் போவது உண்மை. அங்கே அழுத்தம் குறைவு என்பதும் உண்மை. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை 1738இல் நூலாக வெளியிட்ட பெர்னூலி சொன்னது சரிதான். நாம் சொன்ன காரணம்தான் பிழை.

அப்படியானால் எது தூக்குகிறது?

பட்டத்திலிருந்து தொடங்குவோம். நம் ஜொகூரில் பாசிர் கூடாங்கில் அனைத்துலகப் பட்டம் விடும் விழா நடப்பது உங்களுக்குத் தெரியும். மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்தின் வாலில் இருக்கும் சின்னமும் ‘வாவ்’ பட்டத்தை ஒட்டியதுதான். பட்டத்தை யாரும் காற்றுக்குத் தட்டையாகப் படுக்கவைப்பதில்லை, நட்டுக்குத்தாக நிறுத்துவதுமில்லை. கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறோம். சாய்ந்த பட்டத்தின் மேல் மோதும் காற்று கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. பட்டம் காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பட்டத்தை மேலே தள்ளுகிறது. நியூட்டன் 1687இல் சொன்ன மூன்றாம் விதி அவ்வளவுதான்.

இறக்கையும் அதைத்தான் செய்கிறது. கீழ்ப்பக்கத்தில் காற்று தள்ளப்படுகிறது. மேற்பக்கத்தில் காற்று வளைவை ஒட்டிக்கொண்டே வழிந்து, பின்விளிம்பில் கீழ்நோக்கி இறங்குகிறது. மேற்பக்கக் காற்றுக்குத்தான் இதில் பெரிய பங்கு. ஒரு கரண்டியின் முதுகுப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியின் வளைவை ஒட்டித் திரும்பி ஓடும். கரண்டியோ தண்ணீரின் பக்கம் இழுபடும். கையில் அந்த இழுப்பு தெரியும்.

இறக்கைக்கு மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம் என்பதும், காற்று கீழே தள்ளப்படுகிறது என்பதும் ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமிருந்து பார்ப்பதுதான். எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை.

இந்த அழுத்த வேறுபாடு எவ்வளவு பெரியதாக இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்படும் சிறிய விமானம் செஸ்னா 172. 1955இல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். அதன் 172எஸ் வகை, அதிகபட்சமாக 1,157 கிலோ எடையோடு கிளம்பலாம். இறக்கையின் பரப்பு ஏறத்தாழ 16.2 சதுர மீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டர் சுமப்பது சுமார் 71 கிலோ. ஒரு பெரிய ஆளின் எடை. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள சாதாரணக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10,000 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதாவது, மேலுக்கும் கீழுக்கும் ஒரு விழுக்காடு அழுத்த வேறுபாடுகூட வேண்டாம், நான்கு பேர் ஏறிய விமானம் மேலே நிற்கும்! இதை வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

நான்கு விசைகள்

பயிற்சி விமானிக்கு முதல் நாள் பாடமே நான்கு விசைகள்தான். எடை கீழே இழுக்கும். தூக்குவிசை மேலே தூக்கும். இன்ஜின் தரும் உந்துவிசை முன்னே தள்ளும். காற்றின் பின்னிழுவை பின்னே இழுக்கும். (‘தூக்கு’ என்றதும் என் வகுப்பில் ஒரே சிரிப்பு. ‘உயர்த்து விசை’ என்றும் சொல்லலாம், அது உங்கள் விருப்பம்.)

ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேராகப் பறக்கும்போது தூக்குவிசையும் எடையும் சமம். உந்துவிசையும் பின்னிழுவையும் சமம். இதுவரை எல்லாருக்கும் புரியும். அடுத்து என் மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “விமானம் மேலே ஏறிக்கிட்டே இருக்கும்போது தூக்குவிசை எடையைவிட அதிகமா, குறைவா?”

“அதிகம்தான், இதிலென்ன சந்தேகம்?” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க டீச்சர். சீரா ஏறும்போது கொஞ்சம் குறைவு!”

காரணம் எளியது. ஏறும்போது விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. அதனால் இன்ஜினின் உந்துவிசையே எடையில் ஒரு பங்கைச் சுமக்கிறது. நம் கார் மேட்டில் ஏறும்போது எண்ணெயை மிதிக்கிறோமே, அதுபோலத்தான். விமானத்தை மேலே ஏற்றுவது மிச்சமிருக்கும் இன்ஜின் பலம். மூக்கைத் தூக்கினால் மட்டும் விமானம் ஏறிவிடாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

தாக்குகோணம்

மூவாரிலிருந்து மலாக்காவுக்குக் காரில் போகும்போது, சின்ன வயதில் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி விளையாடி அப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் ஒன்றுமில்லை. விரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை ஜிவ்வென்று மேலே போகும். இன்னும் உயர்த்தினால் இன்னும் போகும். ரொம்ப உயர்த்திவிட்டால்? கை மேலே போகாது, பின்னால்தான் அடித்துத் தள்ளப்படும்.

எதிர்வரும் காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறதோ அதுவே தாக்குகோணம். மூக்கு வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்பதும் இதுவும் ஒன்றல்ல. இந்த வேறுபாடுதான் புதிய மாணவர்களுக்குப் பிடிபடத் தாமதமாகும் இடம் என்று அவள் சொன்னாள். மூக்கு லேசாக மேல்நோக்கி இருக்க, விமானம் நேராகக் கீழே விழுந்துகொண்டிருக்கலாம். அப்போது காற்று கீழிருந்து வருகிறது. விமானிக்கு மூக்கு மேலே தெரியும், ஆனால் தாக்குகோணம் மிக அதிகம்.

கோணம் கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஓர் எல்லை வரைதான். பெரும்பாலான சிறு விமானங்களுக்கு அந்த எல்லை 15 டிகிரிக்குப் பக்கம். அதைத் தாண்டினால் மேற்பக்கக் காற்று வளைவை ஒட்டி வழிய முடியாமல் பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்கும். தூக்குவிசை திடீரென்று சரியும், பின்னிழுவை எகிறும். இதற்குப் பெயர்தான் ‘ஸ்டால்’.

ஒரு சொல், மூன்று பொருள்

“டீச்சர், மொதல் நாள் ‘ஸ்டால்’னு கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாவோட கார் டிராபிக் லைட்ல ஸ்டால் ஆகி நின்னுச்சே, அதுதான். இன்ஜின் நின்னு போச்சுன்னே நினைச்சேன்.”

அவள் மட்டுமல்ல, அந்த வகுப்பில் பல பேர் அப்படித்தான் நினைத்தார்களாம். நம் ஊரில் ஸ்டால் என்றால் முதலில் சாப்பாட்டுக் கடை. இரண்டாவது, கார் நின்றுபோவது. விமானத்தின் ஸ்டாலுக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும். இன்ஜினே இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும். பாதிக்கப்படுவது இன்ஜின் அல்ல, இறக்கையின் மேல் ஓடும் காற்று.

மொழி ஆசிரியர்களான நமக்கு இது பழக்கமான விஷயம். ஒரு சொல் பல பொருள். மாணவன் தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு தெரியாத இடத்தை நிரப்பிக்கொள்கிறான். தேர்வில் என்றால் இரண்டு புள்ளி போகும். வானத்தில்?

2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். விபத்து விசாரணை அறிக்கை 2012இல் வெளிவந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததால் வேகக் கணக்கு சிறிது நேரம் தவறியது, தானியங்கி ஓட்டி தன்னை விடுவித்துக்கொண்டது. விமானத்தைக் கையில் எடுத்தவர் மூக்கை மேலே இழுத்தார். விமானம் ஏறியது, வேகம் இழந்தது, ஸ்டால் ஆனது. ‘ஸ்டால், ஸ்டால்’ என்று எச்சரிக்கைக் குரல் பலமுறை ஒலித்தது. இன்ஜின்கள் இரண்டும் நன்றாகவே ஓடின. மூக்கு பெரும்பாலும் மேல்நோக்கியே இருந்தது. ஆனால் சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து விமானம் நான்கு நிமிடங்களுக்குள் கடலைத் தொட்டது.

அந்த விமானிகளுக்கு ஸ்டால் என்ற சொல்லின் பொருள் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இருட்டு, மேகம், முரண்பட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்த குழப்பம் அது. எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதிலிருந்து உலகம் முழுதும் விமானப் பயிற்சிக்குக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு. கீழே விழும்போது மேலே இழுக்கத்தான் மனிதக் கை துடிக்கும். ஸ்டாலிலிருந்து மீள அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

விழும்போது முன்னே தள்ளு

ஸ்டால் ஆனால் முதல் வேலை, கையில் இருக்கும் கட்டுப்பாட்டை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துவது. தாக்குகோணம் குறையும். காற்று மறுபடி இறக்கையை ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்ஜின் பலத்தைக் கூட்டி, இறக்கைகளைச் சமன் செய்து, மெதுவாக ஏற வேண்டும். வரிசை முக்கியம். கோணத்தைக் குறைக்காமல் இன்ஜினை மட்டும் முடுக்கினால் போதாது.

பயிற்சியில் இதை வேண்டுமென்றே செய்யவைப்பார்களாம். பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, இன்ஜினைக் குறைத்து, மூக்கை மெல்ல மெல்லத் தூக்கவேண்டும். எச்சரிக்கை ஒலி கேட்கும். விமானம் லேசாக நடுங்கும். பிறகு மூக்கு தானே சரியும். “மொதல் தடவை என் கை தானாவே பின்னால இழுத்துச்சு டீச்சர். சார் ஒண்ணும் திட்டலை. ‘மூளைக்குத் தெரியுது, கைக்கு இன்னும் தெரியலை’ன்னு சொல்லி மறுபடி செய்யச் சொன்னாரு.” அந்த ஆசிரியர் யாரோ தெரியாது, ஆனால் நல்ல ஆசிரியர். நானும் அந்த வாக்கியத்தைப் பலமுறை வகுப்பில் பயன்படுத்திவிட்டேன். சந்தி விதி மூளைக்குத் தெரியும், எழுதும் கைக்குத் தெரியாது!

இன்னொரு ஆபத்தான நம்பிக்கை, ‘வேகமாகப் போனால் ஸ்டால் ஆகாது’ என்பது. ஸ்டால் கோணத்தால் வருவது, எந்த வேகத்திலும் வரலாம். விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறது. தூக்குவிசையும் சாய்கிறது. உயரம் குறையாமல் இருக்க வேண்டுமானால் இன்னும் அதிகத் தூக்குவிசை வேண்டும். 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் எடையைப் போல இரண்டு மடங்கு தேவை. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஸ்டால் வேகம் 1.41 மடங்காக உயரும். நேராகப் பறக்கும்போது 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் செஸ்னா 172, அந்தத் திருப்பத்தில் சுமார் 68 நாட்டிலேயே ஆகிவிடும். கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 89 எங்கே, 126 எங்கே! தரையிறங்க வரும்போது ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டோமே என்று தாழ்வான உயரத்தில் வெடுக்கென்று திரும்புவது ஏன் ஆபத்து என்பது இதில் விளங்கும். அங்கே மூக்கைத் தாழ்த்த உயரமே இருக்காது.

நம் ஊர்க் காற்று

நம் ஊருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. மழைக்கு முன் மூவாரில் புழுக்கமாக இருந்தால் ‘காற்று கனமா இருக்கு’ என்போம். உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது. நீராவி மூலக்கூறின் எடை 18. உலர்காற்றின் சராசரி 29. நீராவி கலக்கக் கலக்கக் காற்று இலேசாகும். வெப்பமும் காற்றை விரித்து இலேசாக்கும். இலேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இன்ஜினுக்கும் பலம் குறைவு. ஆகவே நம் ஊர் மதிய வெயிலில் ஓடுபாதையில் சற்று அதிக தூரம் ஓடித்தான் எழ வேண்டும். பேச்சுவழக்கில் ‘கனம்’ என்பது நம் உடம்பின் உணர்வு. அறிவியலில் ‘கனம்’ வேறு. மறுபடியும் ஒரு சொல், இரண்டு பொருள்!

நம்மவர்கள் பறந்தார்களா?

திருத்திய பாடத்தை இந்த ஆண்டு வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “இதெல்லாம் நம்ம ஆளுங்க, அதுவும் பொம்பளைங்க, முன்னாடி செஞ்சிருக்காங்களா டீச்சர்?”

செய்திருக்கிறார்கள். உஷா சுந்தரம். இந்தியா விடுதலை பெற்ற பிறகு விமானியான முதல் பெண் என்று அறியப்படுபவர். பெங்களூரு ஜக்கூரில் 1949இல் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறினார். கணவர் வி. சுந்தரமும் விமானி. 1950களின் தொடக்கத்தில் இருவரும் டி ஹாவிலாண்ட் டவ் விமானம் ஒன்றை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தது அந்தக் காலச் சாதனை. பிறகு சென்னையில் வாழ்ந்த உஷா, 2010இல் காலமானார்.

இவர்களுக்கு முன்னால் வழி போட்டவர்கள் உயிரையே கொடுத்தார்கள். செருமனியின் ஓட்டோ லிலியந்தால் இன்ஜின் இல்லாத கிளைடரில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தவர். 1896 ஆகஸ்டில் அவருடைய கிளைடர் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார். அவருடைய ஆய்வுகளைப் படித்த ரைட் சகோதரர்கள், இன்ஜினைவிட முதலில் கட்டுப்பாட்டைப் பற்றி யோசித்தார்கள். 1903 டிசம்பர் 17இல் அவர்களின் முதல் பறப்பு 12 விநாடி, 36 மீட்டர் சொச்சம். சாய்ப்பது, மூக்கைத் தூக்கித் தாழ்த்துவது, இடவலம் திருப்புவது என்று மூன்று விதக் கட்டுப்பாட்டை அவர்கள் வகுத்த அடிப்படையில்தான் இன்றைக்கும் என் மாணவி ஓட்டிப் பழகுகிறாள்.

வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

நான் செய்து பார்த்தவை இவை. ஒரு மேசைக் காற்றாடி, ஒரு தடித்த அட்டை, சில கம்பளி நூல் துண்டுகள் போதும்.

1. அட்டையின் முன்விளிம்பை லேசாக உருட்டி வளைத்து, மேற்பக்கத்தில் நூல் துண்டுகளின் ஒரு முனையை மட்டும் ஒட்டுங்கள். காற்றாடிக்கு முன் பிடித்து மெல்லச் சாயுங்கள். சிறிய கோணத்தில் நூல்கள் அட்டையை ஒட்டிப் படுக்கும். கோணம் அதிகமானால் குழம்பித் துடிக்கும், சில நூல்கள் முன்பக்கமே திரும்பும். ஸ்டாலைக் கண்ணால் பார்க்கும் வழி இது.

2. காகித விமானத்தை மூக்கில் கிளிப் இல்லாமல் ஒரு முறையும், கிளிப் மாட்டி ஒரு முறையும் விடச் சொல்லுங்கள். மூக்கு இலேசான விமானம் எழும்பி, வேகம் இழந்து, தலைகுப்புறச் சரியும். பார்த்ததைப் பிள்ளைகள் ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும். ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘ஆயினும்’ ஆகிய இடைச்சொற்களைப் பயன்படுத்த இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

3. என் பழைய பத்தியை அப்படியே கொடுத்து, ‘இதில் காரணமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது? அதற்குச் சான்று உள்ளதா?’ என்று கேளுங்கள். ‘வேண்டும் என்பதால்’ என்ற தொடரை யாராவது கோடிட்டுக் காட்டினால் பாடம் வெற்றி.

4. ‘ஸ்டால்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் உருவாக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ‘தூக்கிழப்பு’, ‘காற்றுப் பிரிவு’, ‘பிடிவிடல்’ என்று வந்தன. எனக்குப் பிடித்தது ‘பிடிவிடல்’. கலைச்சொல்லாக நிலைக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சொல்லை உருவாக்கிய பையன், ‘காத்து இறக்கையை விட்டுப் பிடி விடுது டீச்சர், இன்ஜின் இல்ல’ என்று விளக்கினான். அவனுக்கு இனி குழப்பம் வராது.

நான் பழைய தாளைத் திருத்திவிட்டேன். வாங்கிக்கொண்ட ஆசிரியர்களுக்கும் புதியதை அனுப்பி, முன்னது பிழை என்று எழுதினேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. உங்கள் கோப்பிலும் அந்தப் பத்தி இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யார் நாளைக்கு அந்தக் கட்டுப்பாட்டைக் கையில் பிடிக்கப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

போன மாதம் அவள் முதல்முறையாகத் தனியாகப் பறந்தாள். அன்றைக்கு இரவு ஒரு குறுஞ்செய்தி வந்தது: “டீச்சர், பக்கத்து சீட் காலியா இருந்துச்சு. பயமாதான் இருந்துச்சு. ஆனா கை சரியாதான் செஞ்சுச்சு.”